உறையில்தான் இருக்கிறது

“கடைத்தெருவுல ஒரு ஆளு இடுப்புல துப்பாக்கியோட நிக்கிறான். ஒரு போலீஸ்காரரை அனுப்புங்க.”

கார்லா நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவசர அழைப்பு மேசைக்கு அன்று வந்த முதல் அழைப்பு அதுதான். பிற்பகல் மணி இரண்டு.

இந்த வாக்கியத்தைக் கோடை முழுக்கக் கேட்டிருக்கிறாள். நாற்பது தடவையாவது இருக்கும். எல்லாமே டெட்ராய்ட் பக்கமிருந்து பெரிய பாலத்தைத் தாண்டி ஏரி பார்க்க வந்தவர்களின் குரல்கள். பதறும், கிசுகிசுக்கும். பின்னால் ஒரு குழந்தை ஐஸ்கிரீம் கேட்டு அழும்.

கூப்பிடுகிறவர்கள்தான் மாறுவார்கள். நிற்கிற ஆள் மாறியதே இல்லை.

வேய்னோ ஹைகலா. எழுபத்தெட்டு வயது. மரம் அறுக்கும் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மிட்டாய்க் கடைக்கு எதிரே, பெஞ்ச் இருந்தும் உட்காராமல் நிற்பார். இடுப்பில் தோல் உறை. அதில் பழைய ரிவால்வர்.

சட்டப்படி அதில் தப்பே இல்லை. மிச்சிகன் மாநிலத்தில் துப்பாக்கியை எல்லார் கண்ணிலும் படும்படி மாட்டிக்கொண்டு தெருவில் போகலாம். ஆனால், பயந்துபோய் ஒருவர் கூப்பிட்டால் போலீஸ் போய்ப் பார்க்காமல் இருக்குமா?

ரோந்துப் போலீஸ்காரன் டெரிக்தான் போவான்.

முதல் தடவை முப்பதடி தள்ளிக் காரை நிறுத்தி, தன் துப்பாக்கியில் ஒரு கையை வைத்துக்கொண்டுதான் பேசினான். கிழவருக்குக் காது மந்தம். எதையும் இரண்டு தடவை கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. ஜூலையில் பார்த்தால், இரண்டு பேரும் அதே பெஞ்சில் உட்கார்ந்து இறைச்சி ரொட்டியைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தார்கள்.

“கார்லா, உன் கிழட்டுக் காதலன் இன்னிக்கும் என்னை லேசுல விடல. ஒரு மீனைப் பிடிச்ச கதையே அரைமணி நேரம். அதுவும் எழுபத்தொண்ணாம் வருஷத்துல பிடிச்ச மீன்!” என்று வயர்லெஸ்ஸில் புலம்புவான்.

“காதலன் எனக்கு, தினம் பார்க்கப் போறது நீயா? நல்லா இருக்குடா நியாயம்.”

செப்டம்பரில் கார்கள் வரிசையாகப் பாலத்தைத் தாண்டித் திரும்பிப் போயின. மிட்டாய்க் கடை ஷட்டரை இறக்கி, மே மாதம் சந்திப்போம் என்று அட்டை தொங்கவிட்டது. உள்ளூர்க்காரர்களுக்கு இடுப்புத் துப்பாக்கி என்பது இடுப்பு வார் மாதிரி. யார் அதைக் கவனிக்கப் போகிறார்கள்?

அந்த அழைப்புகளும் நின்றுபோயின. கோடையின் பெட்ரோல் செலவைப் பார்த்த அதிகாரி, கார்லாவின் மேசைக்கு மேல் ஒரு தாள் ஒட்டினார். துப்பாக்கி உறையில் இருந்தால் இனி ஆள் அனுப்ப வேண்டாம்.

இப்போது அக்டோபர். ஐந்து வாரம் கழித்து அதே வாக்கியம்.

கார்லா படிவத்தைத் திறந்தாள். கேள்விகள் வரிசையாக இருந்தன.

“எந்த இடம் சார்?”

“பழைய பால் பண்ணை முக்கு.”

அவள் விரல்கள் ஒரு கணம் நின்றன. பால் பண்ணையை மூடி முப்பது வருஷம் ஆகிறது. அந்த முக்கில் இப்போது இருப்பது மிட்டாய்க் கடை. வெளியூர்க்காரர் யாருக்கும் அந்தப் பெயர் தெரியாது.

“நீங்க அவர்கிட்டேயிருந்து எவ்வளவு தூரத்துல இருக்கீங்க?”

பதில் இல்லை. கேள்வியைக் கொஞ்சம் உரக்கக் கேட்டாள்.

“பக்கத்துலதான்.”

“கொஞ்சம் தள்ளிப் போய் நில்லுங்க சார்.”

“அதான் முடியலையேம்மா.”

காற்றில் ஷட்டர் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. வேறு சத்தமே இல்லை. ஒரு கார் கூடப் போகவில்லை.

“துப்பாக்கி எங்க இருக்கு? உறையிலயா, கையிலயா?”

“உறையிலதான்.” அந்தக் குரல் இதைச் சற்றுப் பெருமையாகவே சொன்னது.

கார்லா தலைக்கு மேலிருந்த தாளைப் பார்த்தாள். அதில் எழுதியிருந்ததைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

“அப்படீன்னா அது அவரோட உரிமை சார். இதுக்கெல்லாம் இப்போ நாங்க யாரையும் அனுப்புறதில்ல.”

 அந்தக் குரல் தணிந்து, மிகவும் மரியாதையாகக் கேட்டது.

“நான் அதைக் கையில எடுத்தா அனுப்புவீங்களாம்மா?”

கார்லா படிவத்தில் அடுத்த கட்டத்தைப் பார்த்தாள்.

கையில் என்று ஒரு சொல்லை அவள் தட்டினால் போதும். மூன்று கார்கள் பாய்ந்து வரும். கதவுகளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு குறி வைப்பார்கள். கீழே போடு என்று ஒரே ஒரு தடவைதான் கத்துவார்கள். இரண்டாம் தடவை கத்த மாட்டார்கள்.

“எடுக்காதீங்க, மிஸ்டர் ஹைகலா. கேக்குதா? எடுக்காதீங்க. அது உறையிலயே இருக்கட்டும். நான் டெரிக்கை அனுப்புறேன்.”

படிவத்தில் காரணம் கேட்ட கட்டத்தில் துப்பாக்கி என்று எழுதவில்லை. முதியவர், தனியாக இருக்கிறார் என்று அடித்து அனுப்பினாள். திங்கட்கிழமை அதிகாரி படித்துப் பார்த்துக் கத்துவார். கத்தட்டும்.

“ஹலோ? இருக்கீங்களா?”

“இருக்கேன்மா.” அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். “அந்தத் தம்பிக்கு வேலை ஏதாவது இருந்தா முடிச்சுட்டே வரச் சொல்லுங்க. அவசரமில்ல.”