மாடிப்படிக் கம்பளம்

கடலோரப் புது வீட்டின் மாடிப்படிக்கு விரிப்பு போட வேண்டியிருந்தது. சிவப்புக் கம்பளத்துக்கும் தென்னைநார்ப் பாய்க்கும் போட்டி. கம்பளம்தான் ஜெயித்தது.

“கோவிச்சுக்காதக்கா. நீ கால்ல குத்துவே. இனி இந்த வீட்டுக் காலெல்லாம் எனக்குத்தான்,” என்றது கம்பளம்.

“நல்லா இரு கண்ணு,” என்றபடி பாய் வாசலுக்குப் போனது.

மறுநாளே வீட்டுக்காரம்மா, மணல் பட்டுவிடுமே என்று கம்பளத்தின் மேல் பிளாஸ்டிக் உறை போட்டார். வீட்டுக்காரர் அதில் வழுக்கி விழுந்தார். உடனே உறையின் மேல் நார்ப்பாயை விரித்தார்கள்.

சாயங்காலம் கடலில் குளித்த பிள்ளைகள் தடதடவென்று மாடிக்கு ஓடினார்கள்.

“யாரு போறது, அக்கா?” என்று அடியிலிருந்து கேட்டது கம்பளம்.

“பிள்ளைங்கதான். ஈரக்கால்.”

“எப்படி இருக்கு?”

பாய் நெளிந்து சிரித்தது. “ஐயோ, கூசுது கண்ணு!”