சிம்பல் இல்லாத பாட்டு

"இண்டையோட சரி. உவங்களுக்கும் எனக்கும் இனி ஒரு உறவும் இல்லை," என்று பிரியந்தன் சவுண்ட் சாமான் ஏற்றிய வானின் கதவை அடித்துச் சாத்தினான். இருபது வருடத்துக்கு மேல் கட்டிக்காத்த பந்தம். ஊசிப்போன கறியை வாயில் வைத்தவன் போல முகம் கோணிப்போயிருந்தது.

ஸ்டியரிங்கில் இருந்த மாக்கஸ் பெருமூச்சு விட்டான். "டிவோர்ஸ் எடுக்கிற ஆள் மாதிரிக் கதைக்கிறியள், அண்ணை. அவங்கள் ஒரு பான்ட். புதுசா ஒரு ஆல்பம் விட்டிருக்கிறாங்கள். அவ்வளவுதான்."

பான்டின் பெயர் 'கோல்ட் கெற்றில்ஸ்'. லீட்ஸ் நகரத்துப் பெடியன்கள் நாலு பேர். இப்போது நாலு தலையும் நரைத்துவிட்டது. பிரியந்தனும் மாக்கஸும் கனடாவுக்கு வருமுன் லண்டனில் ஒரே பெற்றோல் ஸ்டேசனில் வேலைக்கு நின்ற காலத்தில், சம்பளத்தில் மிச்சம்பிடித்து வாங்கியது அவர்களின் முதல் சீடியைத்தான். இன்று மாலை அவர்கள் ரொறன்ரோவில் பாடுகிறார்கள், இரண்டு ரிக்கற் மாக்கஸின் போனில் இருக்கிறது.

"நான் வரேல்லை. ரிக்கற்றை ஆருக்கும் குடு."

"பத்து வருசமாப் பாத்துக்கொண்டிருந்தனீங்கள், எப்ப இஞ்சை வருவாங்கள் எண்டு."

"அந்தப் புது ஆல்பத்தைக் கேட்ட பிறகுமோ? போர்வைக்குள்ளை தலையை விட்டுக்கொண்டு பாடுற மாதிரிக் கிடக்கு. பாட்டுக்காரன் என்ன சொல்லுறான் எண்டே விளங்கேல்லை. ட்ரம்ஸோடை அடிக்கிற அந்தப் பித்தளைத் தட்டு, சிம்பல் எண்ட சாமானே இல்லை. இங்கிலாந்திலை சிம்பல் வித்து முடிஞ்சுதோ?"

"சிம்பல் இருக்கண்ணை. எனக்கு நல்லாத்தான் கேக்குது."

"உனக்குக் காது எங்கை கிடக்கு."

காது விஷயத்தில் பிரியந்தனோடு யாரும் வாதாடுவதில்லை. ஸ்காபரோவிலும் மார்க்கம் நகரத்திலும் தமிழ்க் கல்யாணங்களுக்கு சவுண்ட் போடுவது இருவருக்கும் தொழில், ஆனால் மிக்ஸரில் கை வைப்பது பிரியந்தன் மட்டும்தான். எந்தக் கல்யாண ஹோல் என்றாலும் மணவறைக்குப் பக்கத்தில், தவிலுக்கும் பெரிய ஸ்பீக்கருக்கும் நடுவில் அவனுடைய மேசை இருக்கும்.

இன்றைய மார்க்கம் கல்யாணத்திலும் அங்கேதான் இருந்தான். தாலி கட்டி முடிந்த கையோடு பெண்ணின் தகப்பன் தில்லையம்பலம் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு ஓடிவந்தார். ஐயரின் மைக் கத்தி மாதிரிக் கீறுகிறதாம். கொஞ்ச நாளாக எந்தக் கல்யாணத்திலும் இப்படி ஓர் அங்கிள் வந்து சேர்ந்துவிடுகிறார். சனத்துக்கு ரசனை செத்துப்போய்விட்டது என்று பிரியந்தன் முடிவுகட்டி வைத்திருந்தான்.

ரசனை செத்தது சனத்துக்கு மட்டுமா? அவன் கொண்டாடிய மன்செஸ்டர் பான்ட் ஒன்று போன வருடம் கோயில் பஜனை மாதிரி ஒன்றைப் பாடி வெளியிட்டது. லண்டன் பான்ட்காரர்கள் கிற்றாரை மூலையில் சாத்திவிட்டு லப்டொப்பைத் தட்டுகிறார்கள். எல்லாம் மொழுக்கட்டை, எதிலும் ஒரு கூர் இல்லை. கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதைதான். கடைசியில் கோல்ட் கெற்றில்ஸுமா என்பதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

வான் ஸ்காபரோவின் வோபர்ன் பகுதியில் அவர்கள் சாமான் வைக்கும் கராஜின் முன்னால் வந்து நின்றது. மாக்கஸ் இறங்கவில்லை. "அண்ணை, பான்ட் எண்டால் மாறத்தானே வேணும். ஒரே பாட்டையே சாகுமட்டும் பாடுறதோ?"

"மாறட்டும். ஆர் வேண்டாம் எண்டது? ஆனால் உயிரை எடுத்துப்போட்டு மாறக்கூடாது." பிரியந்தன் டாஷ்போட் பெட்டியைத் திறந்து அந்தப் பழைய சீடியை எடுத்தான். உறை கிழிந்து, டேப் ஒட்டியிருந்தது. "முதல் பாட்டு எப்பிடித் தொடங்கும்? சொல்லு பாப்பம்."

"சிம்பல்."

"வெறும் சிம்பல். அதின்ரை விளிம்பைக் குச்சியாலை மெல்லச் சுரண்டுவான், மழை வாற மாதிரி. அரை நிமிசம் அது மட்டும்தான், பிறகுதான் கிற்றார். அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தானே நான் இந்தத் தொழிலுக்கே வந்தனான். எஞ்சினை நிப்பாட்டு. கண்ணாடியை ஏத்து. இதைக் கேட்டுப்போட்டுச் சொல்லு, உவங்கள் எனக்குச் செய்தது துரோகமோ இல்லையோ எண்டு."

மாக்கஸ் எஞ்சினை நிறுத்திக் கண்ணாடியையும் ஏற்றினான். பிரியந்தன் சீடியைச் செருகி, சத்தத்தைக் கூட்டி, சீற்றில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டான். வேறு எது கைவிட்டாலும் இந்த ஒரு பாட்டு அவனைக் கைவிட்டதில்லை.

காத்திருந்தான். வானுக்குள் ஒரு சத்தமும் இல்லை.

"சீச்சீ, இதுவும் நாசமாப் போச்சு," என்று கண்ணைத் திறக்காமலே சொன்னான். "சீடி கீறுப்பட்டிட்டுதுபோலை. இல்லாட்டி உந்தப் பழைய பிளேயர் செத்துப்போச்சு. தொடங்கவே மாட்டன் எண்டுது."

பிரியந்தன் கண்ணைத் திறந்து, சீடியை வெளியே எடுக்கக் கையை நீட்டினான்.

மாக்கஸின் விரல் ஸ்டியரிங்கில் மெல்லத் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. அது சட்டென்று நின்றது. நீட்டிய கையை மாக்கஸ் பிடித்துக்கொண்டான். அவன் முகத்தில் இருந்த பயத்தைப் பிரியந்தன் இதற்கு முன் பார்த்ததில்லை.

"பாட்டு ஓடுது, அண்ணை."