உண்ணி கணக்கா

குழந்தை வாயைத் திறக்கவில்லை.

அவள் காத்திருந்தாள். மார்பு கல்லாய் இறுகியிருந்தது. புடவைத் தலைப்பு உரசினாலே கண்ணில் நீர் முட்டியது.

மாதம் நிறையுமுன் பிறந்தவன். உறிஞ்சத் தெரியாது. முதலில் மூக்கில் செருகிய குழாய் வழியாகக் குடித்தான். பிறகு பாலாடையில், மூக்கு நீண்ட அந்தச் சின்னக் கிண்ணத்தில், சொட்டுச் சொட்டாக. அவன் குடிப்பது ஒரு வாய். மிச்சமெல்லாம் அவளுடைய துண்டில் ஊறியது.

இன்றுதான் அவனை அவள் நெஞ்சோடு சேர்த்து வைத்திருக்கிறார்கள்.

பிடித்துக்கொண்டால் வீடு. இல்லையென்றால் மறுபடி கண்ணாடிப் பெட்டி.

காலையில் சுற்றி வந்த டாக்டர் அவளைப் பார்த்துவிட்டு ஆங்கிலத்தில் ஒரே சொல் சொன்னார். எங்கார்ஜ்டு, நிரம்பிப் புடைத்தது.

அந்தச் சொல்லைக் கல்லூரி ஆங்கில வகுப்பில் அவள்தான் நடத்துவாள். மழையில் புடைத்த ஆறு. கல்யாணப் பந்தியில் மூக்குமுட்டத் தின்றவன். இரத்தம் குடித்து உப்பிய உண்ணி. வருடா வருடம் கரும்பலகையில் அதே உதாரணங்கள்.

எல்லாமே எதையோ எடுத்து நிரம்பியவை.

குடிக்க ஆளில்லாமல் நிரம்பியதற்கு அவளிடம் ஒரு வாக்கியம்கூட இருந்ததில்லை.

"டீச்சரே, மூஞ்சிய இப்படி வச்சிருந்தா பிள்ள பயந்துல்லா போவும்," என்றாள் பக்கத்துக் கட்டில் பிரமு அக்கா. அவளுக்கு இன்னும் பால் ஊறவில்லை. அவள் மகளுக்கு டப்பாப் பால்தான். கையில் காலிப் பாலாடை. ஆனாலும் அந்த வார்டில் கேலி பேச அவளை விட்டால் ஆள் கிடையாது.

சிஸ்டர் கொஞ்சம் பீய்ச்சிவிட்டாள். குழந்தையின் உதட்டில் ஒரு சொட்டுத் தடவினாள்.

ஒன்றுமில்லை.

இன்னொரு சொட்டு.

நாக்கு நுனி வெளியே வந்தது. ருசி பார்த்தது. யோசித்தது.

பிறகு பிடித்தான்.

வலி சுரீரென்று தோள்வரை ஓடியது. அவள் மூச்சுவிடவில்லை. சின்னத் தாடை அசைந்தது. நின்றது. மறுபடி அசைந்தது. தொண்டைக்குள் ஒரு 'களக்'.

பிரமு அக்கா எட்டிப் பார்த்தாள்.

"ஏ சிஸ்டர், இங்க பாருங்க! மாட்டு உண்ணி கணக்கால்லா பிடிச்சிருக்கான்!"

சொன்ன கையோடு, கண் பட்டுவிடுமென்று தன் முந்தானையை இழுத்து அவன் தலையில் போர்த்தினாள்.

உண்ணி.

அவள் சிரித்துவிட்டாள். சத்தம் போடக் கூடாத வார்டில், வாய்விட்டு. மார்பு குலுங்கியது.

அவன் நழுவிவிட்டான்.

சிரிப்பு பாதியில் நின்றது. சிஸ்டரின் கை நீண்டு, தொடாமல் நின்றது.

முந்தானைக்குள் ஒரு மூக்கு அங்குமிங்கும் முட்டியது. தலை ஆடியது. வாய் அகலத் திறந்தது. தேடியது.

யாரும் வழி காட்டவில்லை.

கண்டுபிடித்தது.

அதன்பின் அவன் குடிக்கும் சத்தம் மட்டும்தான் கேட்டது. அவள் அதைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். வெயில் கட்டிலின் காலிலிருந்து சுவருக்கு நகர்ந்தது.

கடைசியில் அவனே விட்டான். கடைவாயில் பால் வழிய, வயிறு உப்ப, பந்தியிலிருந்து எழ முடியாத சம்பந்தி மாதிரி அப்படியே தூங்கிப்போனான்.

அந்தப் பக்கம் மார்பு இளகியிருந்தது. மறுபக்கம் இன்னும் கல். ஆனால் அதுவும் தானாகச் சொட்டத் தொடங்கியிருந்தது. ரவிக்கை நனைந்து கொண்டிருந்தது.

பக்கத்துக் கட்டிலில் பிரமு அக்காவின் மகள் சிணுங்கினாள்.

சொட்டு வேகமெடுத்தது.

ஒருத்தி பாலை இன்னொருத்தி பிள்ளைக்குக் கொடுக்க வார்டில் அனுமதியில்லை. அவள் நிமிர்ந்து சிஸ்டரைப் பார்த்தாள். சிஸ்டர் ஜன்னல் பக்கம் திரும்பி, வெளியே ஏதோ முக்கியமாகப் பார்க்க வேண்டியிருப்பதுபோல நின்றுகொண்டாள்.

"அக்கா," என்றாள் அவள். "அந்தப் பாலாடையக் கொண்டாங்க."