ஜெருக் தின்னும் மாமா

சரளா அத்தைக்கு ஜெயபாலன் மாமா செய்கிற கொடுமையை ஈப்போவில் வேறு எந்தப் புருஷனும் செய்யமாட்டான்.

தொண்டைப் புற்றுநோய்க்குக் கொடுத்த கதிர்வீச்சில் அத்தையின் உமிழ்நீர்ச் சுரப்பிகள் கருகிவிட்டன. வாயில் பொட்டு எச்சில் இல்லை. கஞ்சியைக்கூடத் தண்ணீர் குடித்துக் குடித்துத்தான் விழுங்க வேண்டும். அவர் எதிரிலேயே உட்கார்ந்து மாமா தினமும் என்ன தின்கிறார் தெரியுமா? மாங்காய் ஜெருக்! உப்பிலும் காடியிலும் ஊறவைத்து பாசார் மாலாம் இரவுச் சந்தையில் விற்பார்களே, பார்த்தாலே பல் கூசுமே, அது.

செமஸ்டர் விடுமுறையில் போனபோது நேரிலேயே பார்த்துவிட்டேன். விடுவேனா?

“மாமா, அடுப்படியில போய்த் தின்னலாம்ல?”

“முடியாதுலா. இங்கதான் தின்பேன்.” சப்புக்கொட்டினார்.

“அத்தை பாவமில்லையா? உங்க மனசு என்ன கல்லா?”

“யூனிவர்சிட்டி போனா வாய் நீளும்னு தெரியும். இவ்வளவு நீளுமா?”

“நியாயத்தைத்தான் கேக்குறேன். பதில் சொல்லுங்க.”

மாமா நெஞ்சைத் தடவிக்கொண்டே தண்ணீர் குடிக்க எழுந்து போனார்.

அத்தை என் கையைப் பிடித்து இழுத்தார். “கத்தாதடி. அவருக்கு கேஸ்ட்ரிக். புளிப்பே ஆகாது. இதைத் தின்னுட்டு மருந்து குடிச்சிட்டுத்தான் படுக்கிறாரு.”

“பிறகு எதுக்கு?”

“டாக்டர் என்னமோ செல்லுன்னு சொன்னாருல்ல...”

“ஸ்டெம் செல். நாம வளர்ந்த பிறகும் சுரப்பியைப் புதுப்பிச்சுக்கிட்டே இருக்கும். கதிர்வீச்சுல கொஞ்சமாவது தப்பிச்சிருந்தா மெல்ல மறுபடி சுரக்கலாம். எல்லாருக்கும் வராது அத்தை.”

“அதேதான். தப்பிச்சிருக்கா இல்லையான்னு வீட்டுல எப்படிப் பார்க்கிறது? ஒருத்தர் ஜெருக் தின்னா எதிர்ல இருக்கிறவங்களுக்கு எச்சி ஊறணும்ல? ஊறுற வரைக்கும் தின்பேன்கிறாரு.”

ஜெருக் தட்டை மாமாவின் இடத்துக்கு நேராகத் தள்ளி வைத்தேன்.

மாமா வந்து உட்கார்ந்தார். அடுத்த துண்டைக் கடித்தார். முகம் கோணியது.

“எப்படி, சரளா?”

அத்தை உதட்டை இறுக்க மூடிக்கொண்டார். தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது. பக்கத்திலிருந்த தண்ணீரைத் தொடவே இல்லை.

“என்னலா, சொல்லு!”

“அந்தக் கருமத்தைத் தூக்கிக் குப்பையில போடுங்க” என்றார் அத்தை, புறங்கையால் வாயைத் துடைத்தபடி. “ஊறிடுச்சு.”