கேஸ் வாசனை

அடுப்பு, படுக்கை எல்லாம் உள்ளேயே இருக்கும் சுற்றுலா வேன் அது. ஏரிக்கரையில் நின்றிருந்தது. உள்ளே கணவர் மேனேஜரிடம் போனில் பேச ஆரம்பித்ததும் மனைவி மூக்கை உறிஞ்சினாள்.

“ஏங்க, கேஸ் வாசனை வருது!”

“சார், வண்டிக்குள்ள கேஸ் லீக்! போன் பேசக் கூடாது, வெச்சிடறேன்!”

கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் திறந்தார். “எந்த சுவிட்சையும் தொடாதே. இறங்கு!”

அவளைக் கரையில் நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டு, சோப்புத் தண்ணீரோடு வண்டியின் பின்பக்கத்து சிலிண்டர் பெட்டிக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தார்.

“எல்லா ஜாயின்ட்லயும் தடவிப் பார்த்துட்டேன். ஒரு குமிழி கூட வரல. எதுக்கும் வண்டி காத்தாடட்டும்.”

பக்கத்தில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டார்.

இங்கே வந்ததிலிருந்து இதே கூத்துதான். மேனேஜர் கூப்பிட்டால் வாசனை வரும். மனுஷன் சோப்பும் கையுமாக அலைவது அவளுக்கே பாவமாக இருந்தது.

“ஏங்க, திட்டக் கூடாது. வாசனையே வரல. லீவுலயும் அந்த ஆளு உங்களை விடமாட்டேங்கறாரேன்னு நான்தான் புளுகினேன்.”

“தெரியும்.”

“எப்படி?”

“எதுக்கு வம்புன்னு சிலிண்டரைக் கழட்டி வீட்டுலயே வெச்சுட்டுத்தானே வந்தேன். கரண்ட் அடுப்புலயே சமைக்கறதால நீ கவனிக்கல.”

அவர் சட்டைப் பையில் போன் மறுபடி அடித்தது. எடுத்துப் பார்த்தார். மேனேஜர்தான்.

இந்த முறை மூக்கை உறிஞ்சியது அவர்.

“லேசா வருதுல்ல?”