எந்த வண்டிம்மா உனுக்கு?

"எந்த வண்டிம்மா உனுக்கு?"

கையில் போனோடு ஆபீஸ் ஜெகன் வந்து நின்றதும் ஷைனிக்குத் திக்கென்றது. டிபன் டப்பாவை மூடினாள்.

"ஏழு மணி வண்டி சார்," என்றாள் தலையைக் குனிந்தபடி.

"பொன்னேரிலேந்து ஏழு மணி வண்டியா?"

"ஆமா சார்."

ஒரு நிமிஷம் அவளையே பார்த்தான். அப்புறம் போனில் என்னவோ தட்டிக்கொண்டே அடுத்த மேஜைக்குப் போனான்.

"இவன் இன்னாடி, ரயில்ல டிக்கெட் செக் பண்றவனா? பொம்பளைங்க எந்த வண்டில வந்தா இவனுக்கு இன்னா?" என்றாள் பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த சோனியா. "நா ஏழே முக்கா வண்டின்னு உள்ளதச் சொல்லிட்டேன். நீயும் அதுலதான வர்ற. எதுக்கு மாத்திச் சொன்ன?"

"ஏழே முக்கான்னா, முன் வண்டிக்கு வந்தா இன்னான்னு கேப்பாங்கக்கா. நா எப்பிடி வர்றது?"

அது சோனியாவுக்கும் தெரியும். ஷைனியின் புருஷன் எபினேசருக்கு கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலையில் நைட் ஷிப்ட். காலையில் அவன் பொன்னேரியில் இறங்கி, மேம்பாலத்தில் ஓடி வந்து, பிளாட்பாரத்திலேயே கைக்குழந்தையை வாங்கிக்கொண்ட பிறகுதான் இவள் வண்டி ஏற முடியும். அதற்குள் ஏழு மணி வண்டி போயே போயிருக்கும்.

எல்லாம் அந்த ஆப் வந்ததிலிருந்துதான். ஜெகன் செய்தது. புரோகிராம் ஒன்றும் எழுதவில்லையாம். கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக இழுத்துப் போட்டு, கோடு போட்டுச் சேர்த்தானாம். கம்பெனி கேட்டில் போனைக் காட்டினால் வந்த நேரம் பதியும். லேட் என்றால் காண்ட்ராக்டருக்குத் தானாகவே மெசேஜ் போய்விடும். மூன்று மெசேஜ் போனால் கேட் பாஸ் ரத்து. ஷைனிக்கு ஏற்கெனவே இரண்டு போயிருந்தது.

முன்பெல்லாம் ரயில் லேட் என்றால் வாட்ச்மேன் மணவாளனே, "ஓடுங்க, ஓடுங்க" என்று உள்ளே விட்டுவிடுவார்.

"அவுரு மனுசன்," என்றாள் சோனியா. "இவன் கட்டுன பொட்டிக்கு ரயிலு கூவுறது காதுல உழுமா?"

அடுத்த வாரமே அது நடந்தது. கவரப்பேட்டை தாண்டி, சிக்னல் கிடைக்காமல் வண்டி நின்றது நின்றதுதான். ஷைனி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உதடு அசையாமல் ஜெபம் பண்ணினாள். இந்த வேலையும் போனால் வீட்டு வாடகைக்கே தாளம் போட வேண்டியதுதான்.

கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனிலிருந்து ஷேர் ஆட்டோ. அப்புறம் ஓட்டம். கேட்டில் பெரிய வரிசை.

முன்னால் நின்ற சோனியா போனைக் காட்டினாள். டிங். வந்ததைப் படித்துவிட்டு, "இன்னாடி இது," என்று ஷைனியிடம் நீட்டினாள்.

'வண்டிதான் லேட். நீங்க லேட் இல்ல. உள்ளே போங்க.'

மணவாளன் சிரித்தார். "ரயிலு எங்க வருது, எப்ப வரும்னு நெட்டுல சொல்ற சர்வீஸு ஒண்ணு இருக்குதாம். ஜெகன் தம்பி அதோட நம்ம ஆப்ப சேத்துட்டாரு. நேத்துதான் வேல முடிஞ்சிது. இனிமே உங்க வண்டி லேட்டுன்னா அதுக்கே தெரிஞ்சிடும். அதுக்குத்தான் ஒவ்வொருத்தர்கிட்டயும் எந்த வண்டின்னு கேட்டுக்கினு திரிஞ்சாரு."

"நா இன்னான்னா பேசிட்டேன்," என்று முனகிக்கொண்டே சோனியா உள்ளே போனாள்.

ஷைனி போனை நீட்டவில்லை. ஆப்பில் அவள் வண்டி ஏழு மணி வண்டி. அது நேரத்துக்கு வந்து சேர்ந்துவிட்டது. அப்படியானால் லேட்டானது வண்டி இல்லை, அவள்தான்.

"காட்டும்மா, பின்னாடி ஆளு நிக்குது," என்றார் மணவாளன்.

காட்டினாள். திரையில் வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

டிங்.

'வண்டிதான் லேட். நீங்க லேட் இல்ல.'

கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினால், வரிசையில் அவளுக்குப் பின்னால், சட்டை வேர்வையில் ஒட்டிக்கொள்ள, மூச்சு வாங்கிக்கொண்டு ஜெகன் நிற்கிறான்.

"சார்... நா ஏழு மணி வண்டின்னுதான சொன்னேன்?"

"சொன்ன."

"அப்புறம் எப்பிடி..."

"நானும் பொன்னேரிதாம்மா. தெனமும் உனுக்கு ரெண்டு தூண் தள்ளிதான் நிக்கிறேன். நீ எங்க என்னைப் பாத்த? உன் கண்ணு மேம்பாலத்துலயே இருக்குது."

சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"அதான் நீ சொன்ன வண்டியப் போடல. பாப்பாவ அவுரு கையில குடுத்துட்டு நீ ஏறுற வண்டியப் போட்டேன்."