கணையம் காத்த கரங்கள்

கணினியில் பெயரைத் தட்டினார். வந்தது.

செம்பியன். பின்னால் 'எம்.டி.' மட்டும். முன்னால் ஒன்றுமில்லை. அரசாங்கத்துக்கு அடைமொழி போடத் தெரியாது.

மெடிகேர் என்கிற முதியோர் காப்பீட்டில் எந்த மருத்துவர் எதை எத்தனை பேருக்குச் செய்தார் என்று அமெரிக்க அரசு ஆண்டுதோறும் ஊரறியப் போட்டு வைத்திருக்கிறது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். யாரும் பார்ப்பதில்லை. அவரும் பார்த்ததில்லை. மகள்தான் இணைப்பை அனுப்பியிருந்தாள்.

"சும்மா ஒரு தடவ பாத்துருங்கப்பா."

வியாழக்கிழமை அவர் மனைவி திலகவதிக்கு அறுவை. கணையத்தில் கட்டி. கத்தி பிடிக்கப்போவது செம்பியன்.

இன்று திங்கள்.

பட்டியல் இறங்கியது. ஆலோசனை, நானூற்றுப் பன்னிரண்டு பேர். பித்தப்பை, முப்பத்து நான்கு. கொழுப்புக் கட்டி, இருபத்தாறு. குடலிறக்கம், பத்தொன்பது.

கணையம்?

மேலே போனார். கீழே வந்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். குறை கண்ணாடியில் இல்லை.

அடியில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு. பத்துப் பேரோ அதற்கும் குறைவோ என்றால், நோயாளிகளின் அந்தரங்கம் கருதி அந்த வரி வெளியிடப்படாது.

பத்தாக இருக்கலாம். மூன்றாக இருக்கலாம். ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். எல்லாவற்றுக்கும் ஒரே வெள்ளை.

இதில் சேராத காப்பீடுகளும் உண்டே, அறுபத்தைந்து ஆகாதவர்களுக்கும் கணையம் உண்டே என்று தனக்குத்தானே வாதாடினார். நல்ல வாதம்தான். முந்தைய ஆண்டைத் திறந்தார். வெள்ளை. அதற்கும் முந்தியது. வெள்ளை. நல்ல வாதத்துக்கு மூச்சு வாங்கியது.

பிறகு மனிதரை விட்டுவிட்டு உறுப்பைத் தட்டினார்.

நாற்பது மைல் தள்ளி ஒரு பெண்மணி. வாயில் நுழையாத போலந்துப் பெயர். கணைய அறுவை மட்டும் நாற்பத்திரண்டு.

இந்த அம்மாள் எந்த மேடையிலும் குத்துவிளக்கு ஏற்றியதில்லை.

செம்பியன் ஏற்றாத குத்துவிளக்கு இந்த மாநிலத்திலேயே கிடையாது. போன பொங்கல் விழாவில் தமிழ்ச் சங்கம் அவருக்குப் 'புற்றை வென்ற பெருந்தகை' என்று பட்டம் கொடுத்தது. பொன்னாடை போர்த்தி, சட்டம் போட்ட வாழ்த்துமடலை வாசித்தார்கள். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. பெருந்தகை கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மறுக்கவில்லை.

*கணையம் காத்த கரங்கள் – இவை*
*கணக்கில் ஆயிரம் வரங்கள்.*

திலகவதிக்கு அது மனப்பாடம். ஸ்கேன் முடிவு வந்த அன்றைக்கே சொல்லிவிட்டாள்: "நமக்குத்தான் கைராசிக்காரர் இருக்காரே! ஆயிரம் கணையம் பாத்தவருங்க."

கைராசிக்காரர் அப்போது மதுரையில் இன்னொரு பட்டம் வாங்கிக்கொண்டிருந்தார். வரட்டும் என்று காத்திருந்தார்கள்.

மடலை எழுதியவர் சங்கத்தின் செயலாளர்.

அதாவது, இப்போது கணினி முன்னால் உட்கார்ந்திருக்கும் இவர்.

விழாவுக்கு முந்தின நாள், கடை வாசலில் காரை நிறுத்தி, ஸ்டியரிங் மேல் தாளை வைத்து எழுதியது. 'கரங்கள்' முதலில் வந்துவிட்டது. அதற்கு முன்னால் 'க'வில் ஓர் உறுப்பு வேண்டியிருந்தது. கல்லீரல் ஓசையை இடித்தது. கண் என்றால் டாக்டர் கோபித்துக்கொள்வார். கணையம் சொல்லி வைத்தாற்போல் உட்கார்ந்தது.

அது உடம்பில் எந்தப் பக்கம் இருக்கிறது என்று அன்றைக்கு அவருக்குத் தெரியாது.

'ஆயிரம்' சந்தத்துக்கு.

ஆஸ்பத்திரிக்கு எடுத்துவைக்கும் துணிகளோடு திலகவதி உள்ளே வந்தாள். கண்ணிலும் முகத்திலும் மஞ்சள் ஏறியிருந்தது.

"என்னங்க, டாக்டருக்குக் கொஞ்சம் அதிரசம் பண்ணி எடுத்துக்கலாமா? பொங்கலுக்கு ரசிச்சுச் சாப்பிட்டாரு."

"திலகா... வேற டாக்டர் ஒருத்தரப் பாக்கலாமா?"

"இவருக்கு என்ன?"

திரையைத் திருப்பினார். அவள் முப்பது வருடம் நூலகத்தில் வேலை பார்த்தவள். பொடி எழுத்தையும் விடாமல் படித்தாள். இரண்டு முறை படித்தாள்.

"ஆயிரம்னு எழுதியிருந்தீங்க."

"அது வந்து..."

"கணையம்னு எழுதியிருந்தீங்க."

"மோனைக்கு."

திலகவதி அவரைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தேவலை.

"மோனைக்கா?"

துணிகளைப் படுக்கையில் வைத்தாள். திரையில் இருந்த போலந்துப் பெயரை விரலால் தொட்டாள்.

"இந்தப் பொம்பள டாக்டரப் பத்தி ஏதாச்சும் எழுதியிருக்கீங்களா?"

"இல்ல."

"சத்தியமா?"

"சத்தியமா இல்ல."

"அப்ப போனப் போடுங்க."

போட்டார். அவளும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தார். கனிவான ஆங்கிலக் குரல் ஒன்று பெயர் கேட்டது, பிறந்த தேதி கேட்டது. கட்டியின் அளவு கேட்டது. கேட்கக் கேட்க அந்தப் பக்கம் தட்டச்சு ஓடியது.

கட்டி என்று தெரிந்து எத்தனை நாளாயிற்று என்றது குரல்.

"ஏழு வாரம்."

தட்டச்சு நின்றது.

"ஏழு வாரமா?"

திலகவதி நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

அவர் ஸ்பீக்கரை அணைத்துவிட்டுப் போனைக் காதோடு சேர்த்து வைத்துக்கொண்டார்.